கல்லுக்கும் ஸனது உண்டு: ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் ஆவணங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூர்ச் சாலையில் நிற்பவர் முன்னால் கிரானைட் பாளங்களைச் சுமந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்லும். இப்பகுதியின் அடிப்பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் பழமையானவை என நிலவியலாளர் கணித்துள்ளனர். அத்துணைப் பழமை வாய்ந்த கல், பட்டறையில் மெருகேறி ஒரு வீட்டின் தரையாகவோ பள்ளிவாசலின் படியாகவோ மாறும்போது, அது எந்தக் குன்றிலிருந்து வந்தது என்று வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. நிறமும் பளபளப்புமே அதன் அடையாளமாகிவிடுகின்றன. வந்த வழி மறக்கப்பட்ட கல் வெறும் பண்டமாகிறது.

இக்காட்சியோடு, கல்லை எடுத்த இடத்தை எழுதிவைப்பதையே தம் வாழ்நாள் ஒழுக்கமாகக் கொண்டிருந்த ஒருவரின் ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. அவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று பாடநூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. அப்பட்டத்தை வழிமொழிவதோ மறுப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் விட்டுச்சென்ற எழுத்துகளில் எது நிலைத்தது, எது வீழ்ந்தது, எது எழுதப்படாமலே போயிற்று என்பதே நம் கேள்வி.

வாழ்வு

ஃபூட் 1834இல் இங்கிலாந்தின் செல்ட்டனாமில் பிறந்தார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தொடங்கப்பட்டது 1851இல். அவர் அதில் சேர்ந்தது 1858இல். அதன்பின் 1891 வரை, முப்பத்துமூன்று ஆண்டுகள், தென்னிந்தியாவின் பெரும்பகுதியை நேரில் நடந்து ஆராய்ந்தார். வில்லியம் கிங் என்பாருடன் இணைந்து சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் அமைப்பு குறித்து எழுதிய அறிக்கை 1864இல் வெளிவந்தது. மத்தூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1965இல் தருமபுரியும் 2004இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாயின.

தமிழ்நாட்டோடு அவருக்கிருந்த உறவு உத்தியோகத்தோடு முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவருமான பீட்டர் பெர்சிவலின் மகளையே ஃபூட் மணந்தார். மாமனார் தமிழ்ச் சொற்களைச் சேகரித்தார். மருமகன் தமிழ் மண்ணின் கற்களைச் சேகரித்தார். பெர்சிவல் இறுதிக்காலத்தைக் கழித்த ஏற்காட்டிலேயே ஃபூட்டும் ஓய்வுக்குப்பின் குடியேறினார். இடையே பரோடா சமஸ்தானத்தின் நிலவியலை ஆராய்ந்தார். 1894இல் அமைக்கப்பட்ட மைசூர் சமஸ்தான நிலவியல் துறைக்குத் தலைமை வகித்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார்.

1863 மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், செம்புரைச் சரளைக் குழியொன்றிலிருந்து ஒரு கற்கருவியை அவர் எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கிங்குடன் சென்று அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். ஃபிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மிகத் தொன்மையான மனிதரின் கைவினையே என ஐரோப்பிய அறிஞர் ஒப்புக்கொண்டு அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்விவாதத்தின் சூடு தணியுமுன்பே, தென்னிந்தியாவும் அத்தொன்மையில் பங்குடையது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது.

மூன்று வகை ஆவணங்கள்

அவர் விட்டுச்சென்றவற்றை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, நிலவியல் துறையின் வெளியீடுகளாக வந்த அறிக்கைகள். தென் மராட்டியப் பகுதி பற்றியது 1876இலும், மதுரை, திருநெல்வேலி பற்றியது 1883இலும், பெல்லாரி பற்றியது 1895இலும் வெளிவந்தன. இன்றைய நிலவியலில் நிலைபெற்றுவிட்ட 'தார்வார்' என்னும் பாறைத் தொகுதிப் பெயர் 1880களில் அவர் வழங்கியதாகும். தென்னிந்தியாவின் தங்கம் பெரும்பாலும் இத்தொகுதியைச் சார்ந்தே கிடைக்கிறது என்பதை அவர் 1888இல் விளக்கினார். கோலார்த் தங்கப் பாறையின் தென்கோடி, மாநில எல்லையைக் கடந்து கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளிப் பக்கம் வரை நீள்கிறது என்பதால், இந்த எல்லைப் பகுதி மக்களுக்கு அவ்விளக்கம் அந்நியமானதன்று.

இரண்டாவது, கற்கருவிகளும் மட்கலங்களும் அடங்கிய அவரது தொகுப்பு. இதனைச் சென்னை அரசு 1904இல் விலைகொடுத்து வாங்கிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் அத்தொகுப்புக்கு ஃபூட் தாமே எழுதிய விளக்கப் பட்டியல் அவர் மறைவுக்குப்பின் 1914இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் அச்சேறின. மூன்றாவது, குடும்பத்தார் வசமிருந்த தனிப்பட்ட தாள்கள். தொல்லியலாளர் சாந்தி பப்பு அவற்றின் துணையுடன் 2008இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, அதிகாரி என்னும் உருவுக்குப் பின்னிருந்த மனிதரை நமக்குக் காட்டிற்று.

இஸ்னாத் என்னும் அளவுகோல்

இந்த ஆவணங்களை எந்த அளவுகோலால் எடைபோடுவது? நம் மரபில் அதற்கொரு கருவி உண்டு. ஒரு செய்தி கிடைத்ததும் முஹத்திஸ்கள் அதன் கருத்து அழகியதா என்று மட்டும் பார்த்து அமைந்துவிடவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் சந்தித்தது உண்டா, இடையில் கண்ணி அறுந்துள்ளதா என்று ஆராய்ந்தனர். வாசகமாகிய மத்னையும், அறிவிப்பாளர் வரிசையாகிய இஸ்னாதையும் பிரித்தறிந்து, அறிவிப்பாளரின் குறைநிறைகளை ஆராயும் தனிக்கலையையே வளர்த்தனர். நபிமொழியையும் கற்கருவியையும் ஒரே தட்டில் வைப்பதாக எவரும் கருதவேண்டாம். ஒப்புமை முறையியலைப் பற்றியது மட்டுமே.

அருங்காட்சியகத்து அலமாரியில் இருக்கும் கற்கோடரி ஒரு மத்ன். அது எங்கே, எந்த மண்ணில், எத்தகைய படிவில், எவரால் எடுக்கப்பட்டது என்ற குறிப்பே அதன் ஸனது. குறிப்பில்லாத கோடரி கண்ணுக்கு அழகாக இருக்கலாம், சான்றாக நிற்காது. ஃபூட்டின் பட்டியலில் பொருள்கள் மாவட்டமும் ஊரும் சுட்டி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் அவ்வாறு பதிவாகியுள்ளன. படிப்பதற்கு வறண்ட நூல்தான். ஆனால் ரிஜால் நூல்களைப் புரட்டிப் பழகியவர், இவ்வகை வறட்சியின் மதிப்பை அறிவார்.

வீழ்ந்ததும் நிலைத்ததும்

ஃபூட்டின் முடிவுகள் யாவும் சரியென்று கொள்வதற்கில்லை. சென்னை வட்டாரத்துச் செம்புரைப் படிவுகளைப் பற்றி 1866இல் எழுதியபோது, நிலம் முற்காலத்தில் தாழ்ந்திருந்தது, கடல் உள்ளே பரவியிருந்தது, இன்றைய குன்றுகள் அன்று தீவுகளாக நின்றன என்று ஒரு சித்திரத்தை அவர் தீட்டினார். கருவிகள் அக்கடலடியில் புதைந்தவை என்பது அதன் உட்பொருள். இன்றைய நிலவியல் அதனை ஏற்பதில்லை. அத்திரம்பாக்கத்துக் களிமண் அடுக்குகள், கொற்றலை ஆற்று வடிநிலத்தில் வெள்ளநீர் கொணர்ந்து படியவிட்டவை என்றே பிற்கால அகழாய்வுகள் காட்டுகின்றன.

கருதுகோள் வீழ்ந்தது, குறிப்பு வீழவில்லை. அவர் பதிந்துவைத்த அதே அத்திரம்பாக்கத்தில் 1999இல் மீண்டும் அகழாய்வு தொடங்கிய சாந்தி பப்பு குழுவினர், அங்குள்ள பழைய கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுத் தொன்மை உண்டென 2011இல் அறிவித்தனர். அடுத்த கட்டக் கருவி மரபு 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குத் தோன்றிவிட்டதென 2018இல் நிறுவினர். ஃபூட் கனவிலும் எண்ணியிராத காலக் கணக்கு இது. எனினும், அக்கணக்குக்குச் செல்லும் வழியை 1863இன் குறிப்பே திறந்துவைத்தது.

கர்நூல்க் குகைகளின் கதையும் இத்தகையதே. 1880களில் பில்லசுர்கம் குகைகளை அகழ்ந்த அவர், எலும்பாலான கருவிகள் கிடைத்ததாக எழுதினார். நெடுங்காலம் அது ஐயத்துடனேயே நோக்கப்பட்டது. 1970களில் எம்.எல்.கே. மூர்த்தி அதே கர்நூல் வட்டாரக் குகையொன்றில் நிகழ்த்திய அகழாய்வு, எலும்புக் கருவி மரபு அங்கு இருந்ததை உறுதிசெய்தது. இடம் குறிப்பிடப்பட்டிருந்ததனாலேயே ஐயத்தைத் தீர்க்கவும் வழி இருந்தது.

பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதாக ஃபூட் கருதினார். சான்றில்லாத அவ்விடத்தைக் கற்பனையால் அவர் நிரப்ப முயலவில்லை. பிற்காலத்தார் நுண்கற்காலச் சான்றுகளைக் கொண்டு அதனை நிரப்பினர். கண்ணி அறுந்த இடத்தை அறுந்ததாகவே காட்டுவது நேர்மையான அறிவிப்பாளரின் இலக்கணம்.

எழுதப்படாத பெயர்கள்

இனி, குறைகளுக்கு வருவோம். ஃபூட்டின் ஸனது எப்போதும் ஃபூட்டிடமிருந்தோ அவரையொத்த அதிகாரியிடமிருந்தோதான் தொடங்குகிறது. உடன்சென்ற ஆங்கிலேயரின் பெயர்கள் முறையாக இடம்பெறுகின்றன. குழி வெட்டியவர், மாட்டுவண்டி ஓட்டியவர், 'அந்தக் கரட்டில் இப்படிப்பட்ட கல் கிடக்கிறது' என்று வழிகாட்டியவர் ஆகியோரின் பெயர்கள் அரிதாகவே காணப்படுகின்றன. சேர்வராயன் மலையிலும், மத்தூருக்குக் கிழக்கே எழும் சவ்வாது மலையிலும், மெருகேற்றிய கற்கோடரிகளை மக்கள் சிறு கோயில்களில் வைத்து வணங்கி வந்துள்ளனர். அக்கோடரிகளை நிலத்திலிருந்து முதலில் எடுத்தவர்கள் அவர்களே. அவர்களது நம்பிக்கை நமக்கு உடன்பாடானதா என்பது வேறு செய்தி. அறிவிப்பாளர் வரிசையில் அவர்களுக்கு உரிய இடம் மறுக்கப்பட்டது என்பது உண்மை.

இன்னொரு மௌனமும் உண்டு. கர்நூல்க் குகைகளை ஃபூட்டுக்கு முன் 1844இல் விவரித்தவர் நியூபோல்ட் என்னும் படை அதிகாரி. பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர். அவர் கர்நூலில் அதிகாரியாக அமரும் வாய்ப்பு, 1839இல் நவாப் குலாம் ரசூல் கானைக் கும்பினியார் பதவி நீக்கி அந்நாட்டைக் கைப்பற்றியதால் உண்டாயிற்று. நவாபு திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு மறு ஆண்டே அங்கு மாண்டார். மத்தூர் அடங்கிய பாராமகாலும் 1792இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பறிக்கப்பட்ட பின்னரே ஆங்கிலேயரின் அளவைச் சங்கிலி இங்கு வந்தது. நிலத்தை வென்றவரே நிலத்தைப் படித்தனர். அதனால் படிப்பு பொய்யாகிவிடாது. ஆனால் அப்படிப்பின் விலையை யார் கொடுத்தனர் என்பதை வாசகன் மறந்துவிடலாகாது.

நம் பக்கத்து இழப்பு

இவ்விடத்தில் ஒரு பழக்கத்தைக் குறிப்பிடவேண்டும். ஐரோப்பிய அறிஞர் எவரைப் பற்றிப் பேசினாலும், 'இதை நம்மவர் முன்பே சொல்லிவிட்டனர்' என்று முடிப்பது நம் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. சொன்னது மெய்தான். கி.பி. 1030 அளவில் எழுதிய இந்தியா பற்றிய நூலில் அல்பீரூனி, மலையருகே பெருங்கற்களும், தொலைவு செல்லச்செல்லச் சிறு கற்களும், கடலருகே மணலும் கிடப்பதைக் கண்டு, வட இந்தியச் சமவெளி ஆறுகளின் வண்டலால் தூர்ந்த பழைய கடல் என ஊகித்தார். இப்னு சீனா தம் 'ஷிஃபா'வில், நிலநடுக்கத்தால் தரை உயர்வதும் நீரும் காற்றும் அரிப்பதும் மலைகளை உருவாக்குகின்றன என்றார்.

ஆனால் இப்னு சீனாவின் அப்பகுதிக்கு நேர்ந்ததை நாம் பேசுவதில்லை. ஏறத்தாழ 1200இல் அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, அரிஸ்டாட்டிலின் நூலோடு ஒட்டிக்கொண்டு, நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் பெயராலேயே ஐரோப்பாவில் படிக்கப்பட்டது. மத்ன் பயணம் செய்தது. ஸனது வழியில் அறுந்தது. உழைத்தவனின் பெயர் அழிவதன் வலி நமக்குத் தெரியும். அதை அறிந்த சமூகம் ஃபூட்டின் பட்டியலில் விடுபட்ட பெயர்களுக்காகவும் வருந்தவேண்டும். ஃபூட்டின் பெயரைத் தன் பெருமைக்காகச் சிறுமைப்படுத்தவும் கூடாது. நீதி என்பது இரு பக்கமும் ஒன்றே.

மீண்டும் மத்தூர்

மத்தூருக்கு வெகுதொலைவில் இல்லாத தொகரப்பள்ளியை அடுத்த மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டது. இரும்பின் தொன்மை அங்கே நாலாயிரம் ஆண்டுகளைத் தாண்டிற்று. தென்னாட்டில் புதிய கற்காலத்தை அடுத்து இரும்புக் காலம் பெரிய முறிவின்றித் தொடர்ந்தது என்ற கருத்தை ஃபூட் கொண்டிருந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 2025இல் வெளியான அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் காலத்தை அதற்கும் முன்னே கொண்டுசென்றது. மயிலாடும்பாறையின் காலக்கணக்கு எதனால் நம்பத்தக்கதாயிற்று? குறிப்பிட்ட குழியின் குறிப்பிட்ட ஆழத்து மண்ணடுக்கிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டதனால். அதே மண், அடுக்குக் குலைந்து ஒரு லாரியில் ஏறியிருந்தால், நாலாயிரம் ஆண்டும் நேற்றைய புழுதியாகியிருக்கும்.

பூமியில் பயணம் செய்து கவனிக்குமாறு திருமறை மனிதனை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. கவனித்ததைக் காப்பதற்கான ஒழுங்கை நம் முன்னோர் இஸ்னாதில் கற்றுத்தந்தனர். ஆயினும் நம் ஊர்களில் பழைய பள்ளிவாசலை இடித்துக் கட்டும்போது, முன்பிருந்த கல்வெட்டு எந்தச் சுவரில் எத்திசையில் இருந்தது என எழுதிவைப்போர் எத்தனை பேர்? பழைய மையவாடியின் மீசான் கற்களைப் புரட்டிப்போடுமுன் ஒரு பட்டியல் எடுப்போர் யார்? மறைந்த ஆலிமின் அரபுத்தமிழ்க் கையேடுகள் எவர் வீட்டிலிருந்து எவர் வழியாக வந்தன என்ற குறிப்பின்றிப் பழைய தாள் கடைக்குப் போவதை நாம் காணவில்லையா?

ஃபூட்டிடம் நாம் கற்கவேண்டியது அவருடைய முடிவுகளையல்ல. அவற்றில் சில கடலோடு போய்விட்டன. ஒரு கல்லைக் குனிந்து எடுத்ததும், அதை மடியில் போடுமுன், ஊரின் பெயரை எழுதிய அந்தக் கையின் பழக்கத்தைக் கற்கவேண்டும். அவர் விட்டதையும் சேர்த்து எழுதவேண்டும்: வழிகாட்டியவரின் பெயரையும்.