உத்திரத்தின்மேல் பதினொரு பேர்

நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் கண்ணாடிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். வாசகர்களில் பெரும்பாலோர் அதை எங்காவது பார்த்திருப்பார்கள். அந்தரத்தில் ஓர் இரும்பு உத்திரம். அதன்மேல் பதினொரு பேர் வரிசையாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் பக்கத்தில் இருப்பவன் சிகரெட்டுக்கு நெருப்புக் கொடுக்கிறான். கீழே, எங்கோ ஆழத்தில், நியூயார்க் நகரம். "அந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பயமே கிடையாது சார்" என்றார் கடைக்காரர், கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு.

அந்தப் படத்தின்மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கோபம் உண்டு. 1932 செப்டம்பர் 20-ந் தேதி, ராக்ஃபெல்லர் மையத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் 69-வது மாடியில் எடுத்தது. அக்டோபர் 2-ந் தேதி 'ஹெரால்ட் டிரிப்யூன்' பத்திரிகையின் ஞாயிறு அநுபந்தத்தில் வந்தது. கட்டடத்துக்கு விளம்பரமாக ஏற்பாடு செய்து எடுத்த படம். உட்கார்ந்திருப்பவர்கள் நிஜத் தொழிலாளிகள்தாம். உட்காரச் சொன்னது விளம்பரம். எடுத்தவர் லூயிஸ் ஹைன் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சார்லஸ் எபெட்ஸ் என்றார்கள். அன்று மேலே வேறு புகைப்படக்காரர்களும் இருந்தார்கள் என்று தெரிந்த பிறகு அதுவும் சந்தேகத்தில் நிற்கிறது.

ஏற்பாடு செய்து எடுத்தது என்பதற்காக நான் கோபிக்கவில்லை. கதை எழுதுகிறவன் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்லவே கூடாது. படத்தில் வேலை இல்லை என்பதுதான் குறை. இரும்பை மேலே ஏற்றி நிறுத்துகிறவர்களைப் பற்றி உலகத்திலேயே அதிகப் பிரசித்தமான படம் இதுதான். அதில் ஒருவர்கூட வேலை செய்யவில்லை.

இந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே எனக்குள்ள கோபம் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். ஓர் அனல் மின்நிலையத்தில் கொதிகலனுக்கு இரும்புச் சட்டம் நிறுத்துகிற எரெக்‌ஷன் கோஷ்டியில் ஒருவன்தான் கதாநாயகன். எண்பது அடி உயரத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டு நடப்பான். கீழே பார்த்துச் சிரிப்பான். கதை பலருக்குப் பிடித்திருந்தது. அந்தத் தொழிலில் இருபது வருஷம் இருந்த ஒரு பெரியவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா நீங்க எழுதின ஆளு ரெண்டாம் நாளே விழுந்திருப்பான். அவன்கூட நான் மேலே ஏற மாட்டேன்" என்றார்.

ஹைன் இந்தத் தப்பை அவ்வளவாகச் செய்யவில்லை. 1930-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது அதைப் படமெடுக்க அவரை அமர்த்தினார்கள். இரும்பு ஏறிய வேகத்தில் அவரும் மாடி மாடியாக ஏறினார். 1932-ல் அந்தப் படங்களில் பலவற்றைச் சேர்த்துக் குழந்தைகளுக்காக ஒரு புத்தகம் போட்டார். அவர் படங்களில் கைகளுக்கு ஜோலி இருக்கிறது. கண்கள் காமிராவைப் பார்ப்பதில்லை, இரும்பைப் பார்க்கின்றன. ஆனால் வடக்கம்பியில் தொற்றி நிற்கும் ஒரு வாலிபனின் படத்துக்கு 'இக்காரஸ்' என்று பெயர் கிடைத்தது. எச்சரிக்கையைக் கேளாமல் சூரியனை நோக்கிப் பறந்து விழுந்தவன் இக்காரஸ். நம்முடைய சம்பாதியாவது தம்பியைக் காப்பதற்காகச் சிறகைக் கருக்கிக்கொண்டான். அந்த வாலிபன் யார் சொல்லையும் மீறவில்லை, கூலிக்கு ஏறினான். ஓர் அழகான பெயர் எவ்வளவு சுலபமாக ஆளை மறைத்துவிடுகிறது!

பெரியவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்கியது ஜோஸப் மிட்செல் எழுதிய கட்டுரையைப் படித்தபோதுதான். 1949-ல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் வந்தது. மான்ட்ரியலுக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் நதிக்கரையில் உள்ள கானவாகே என்ற ஊரின் மோஹாக் ஜனங்களைப் பற்றியது. 1886-ல் அவர்கள் நிலத்தில் கால் ஊன்றி நதிக்குக் குறுக்கே ரயில் பாலம் போட வந்தார்கள். நிலத்துக்குப் பதிலாக ஊர்க்காரர்களுக்கு வேலை என்று பேச்சு. சாமான் இறக்கப் போனவர்கள் பாலத்தில் ஏறிப் பழகி, தலைமுறை தலைமுறையாக அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள்.

மிட்செல் கோஷ்டியைப் பார்க்கிறார். ரிவிட் அடிக்க நாலு பேர் வேண்டும். ஒருவன் சின்ன உலையில் ஆணியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து வீசுகிறான். அடுத்தவன் அதைத் தகர டப்பாவில் பிடித்துத் துவாரத்தில் செருகுகிறான். மூன்றாமவன் ஆணியின் தலைப்பக்கம் முட்டுக் கொடுக்கிறான். நான்காமவன் மறுபக்கத்தில் காற்றுச் சம்மட்டியால் அடித்து இன்னொரு தலையை உண்டாக்குகிறான். ஆறும்போது ஆணி சுருங்கி இரண்டு தகட்டையும் இழுத்து இறுக்குகிறது. நாலு பேருக்கும் நிற்க இடம் பலகைதான். ஒருவன் பிடிக்கத் தவறினால் நெருப்புத் துண்டு கீழே யார் தலையிலோ விழும். இந்த ஏற்பாட்டில் பயப்படாதவனுக்கு இடம் எங்கே? அவனை நம்பி எவன் வீசுவான், எவன் பிடிப்பான்? பெரியவர் என்னிடம் இதைத்தான் சொன்னார். ஐம்பதுகளிலிருந்து ரிவிட் போய் முறுக்காணி வந்துவிட்டது. அது வேறு கதை.

மிட்செலிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்த ஜனங்களுக்கு உயரத்தில் பயமே கிடையாது, ஆடு மாதிரி ஏறுகிறார்கள் என்று பாலக் கம்பெனி அதிகாரி ஒருவர் சொன்னதை அவர் எடுத்துப் போடுகிறார், கேள்வி கேட்கவில்லை. 1960-ல் எட்மண்ட் வில்ஸன் தம் புத்தகத்தின் முகப்பில் இந்தக் கட்டுரையைச் சேர்த்துக்கொண்டார். பயமில்லாத ஜாதி என்ற பேச்சும் கூடவே பரவியது. எங்களுக்கும் மற்றவர்கள் மாதிரியே பயம் உண்டு, அதோடு வேலை செய்யப் பழகினோம் என்று மோஹாக் தொழிலாளர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் பாடுபட்டுக் கற்றதை அவன் பிறப்பில் வந்தது என்று சொல்லிவிட்டால் புகழ்ந்த மாதிரியும் ஆகிறது, கற்றதற்கு மதிப்புக் கொடுக்காமல் தப்பிக்கவும் முடிகிறது. நம் தேசத்தில் இந்தத் தந்திரத்தை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மிட்செலின் கட்டுரையிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. அது கியூபெக் பாலம் விழுந்த கதை. 1907 ஆகஸ்டில் அந்தப் பாலத்தின் அடிச்சட்டங்களில் ஒன்று வளைந்திருப்பதை மேலே இருந்தவர்கள் கண்டார்கள், அளந்தும் பார்த்தார்கள். பாலத்தின் நீளத்தைக் கூட்டிய பிறகு எடைக்கணக்கைச் சரியாகத் திருப்பிப் போடாமல் விட்டிருந்தார்கள். விஷயம் நியூயார்க்கில் இருந்த தலைமை ஆலோசகருக்குப் போயிற்று. இனிமேல் பாரம் ஏற்றாதே என்று அவர் 29-ந் தேதி தந்தி அடித்தார், இரும்பு செய்து அனுப்பும் தொழிற்சாலைக்கு. பாலத்துக்குச் செய்தி வரவில்லை. அன்று மாலை, வேலை முடியப்போகும் நேரத்தில், எல்லாம் சில விநாடிகளில் நதிக்குள் போயிற்று. 75 பேர் மாண்டார்கள். 33 பேர் கானவாகேக்காரர்கள். பயப்பட வேண்டிய இடத்தில், காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டிருந்தவர்கள் பயப்படவில்லை.

ஊரில் பெண்கள் கூடிப் பேசினார்கள். ஆண்கள் இரும்பு வேலையை விட வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே பாலத்துக்குப் போகாதீர்கள், பிரிந்து பிரிந்து பல ஊருக்குப் போங்கள் என்றார்கள். போனார்கள். அப்படிப் போனவர்களில் பலர் குடும்பத்தோடு புரூக்ளினில் குடியேறினார்கள். அவர்களுடைய ஊர்ச் சுடுகாட்டில், விழுந்து செத்தவர்களின் தலைமாட்டில் உத்திர இரும்பாலேயே சிலுவை செய்து நட்டிருக்கிறார்கள்.

என் கதையைத் தொகுதியில் சேர்க்கவில்லை. பீடியை எடுத்துவிட்டு, அவன் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்துத் திருப்பி எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்துக்குமேல் போகவில்லை. அடுத்த ஆணியை அவனுக்கு வீசுகிறவன் யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.