மண்ணுக்குள் இறங்கும் கேபிள்

யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் 2017 ஜூலையில் இராணுவத்திடமிருந்து காணிகள் விடுபட்ட பிறகு எழும்பிய வீடுகளில் என் கண் முதலில் போவது மீற்றர் பெட்டிக்குக் கீழேதான். மண்ணுக்குள் இறங்கும் கேபிளின் தடிப்பில் வேலை செய்தவரின் கணக்குத் தெரிந்துவிடும்.

230 வோல்ற், 30 அம்பியர் இணைப்பு என்று வைப்போம். வீடு 50 மீற்றர் உள்ளே இருந்தால், 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் முழுச் சுமையில் ஏறக்குறைய 11 வோல்ற்றைத் தின்றுவிடும். கிணற்று மோட்டர் திணறும். 10 போட்டால் இழப்பு 6.6 வோல்ற்தான்.

பிரேக்கர், வீட்டுச் சுமைக்குக் குறையவும் கூடாது, கேபிள் தாங்குவதற்கு மேலே போகவும் கூடாது. அடிக்கடி விழுகிறதென்று பெரிய பிரேக்கர் மாற்றுவது கேபிளைக் கருக்கும் வேலை. காய்ந்த கரையோர மணல் சூட்டை லேசில் கடத்தாது; ஈர மண்ணில் தாங்கும் கேபிள் அதில் தாங்காமல் போகலாம். அதையும் எண்ணி ஓர் அளவு கூட்டிப் போடுகிற, கல் பொறுக்கிய மணலில் கேபிளைக் கிடத்தி மேலே எச்சரிக்கை நாடா விரிக்கிற மின்வேலைக்காரரே என் மதிப்புக்குரியவர்.

வீடு கட்டுகிறவர்களே, குழி மூடுமுன் கேபிள் அளவையும் பிரேக்கர் அளவையும் எழுதி வாங்கிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.