பத்து மீட்டர், அரை மில்லிமீட்டர்

சித்தூர், திருப்பதி பக்கத்துத் திருவிழாக் கடைகளில் குழலை மடக்கி ரவை போட்டு பலூன் சுடுவோமே, அந்த ஏர் கன்னின் வம்சம்தான் ஒலிம்பிக் ஏர் ரைபிள். ஆனால் கடைத் துப்பாக்கிக்குள் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டன் முட்டும்போது, ரவை குழலைத் தாண்டுவதற்குள் துப்பாக்கியே ஆடிவிடும். போட்டி ரைபிளில் சிலிண்டரில் அடைத்த காற்றுதான் தள்ளுகிறது. தோளில் உதைப்பதே தெரியாது.

குறி பழக செமி ஆட்டோமேட்டிக் தேடும் இளைஞர்களுக்கு நான் இந்த ஏர் ரைபிளைத்தான் சொல்வேன். செமி ஆட்டோமேட்டிக்கில் அடுத்த தோட்டா தானாக ஏறும், விரலும் அவசரப்படும். ஏர் ரைபிளில் ஒவ்வொரு ரவையையும் கையால்தான் வைக்க வேண்டும்.

அந்த 4.5 மி.மீ. ரவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடுப்பு சிறுத்து, தலை தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைத் தலைதான் இலக்கு அட்டையில் ஓரம் கிழியாத வட்டத் துளை போடுகிறது. 10 மீட்டர் தள்ளி, பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் 0.5 மி.மீ. அகலம்! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் பொட்டைக் குறிவைத்துத்தான்.

ரைபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்குள் எது நல்லது? பெயரையும் விலையையும் விடுங்கள். கன்னம் பதியும் கட்டையும் தோள்தட்டும் உங்கள் உடம்புக்கு ஏற்ப நகர வேண்டும். கழுத்தை வளைத்துத்தான் குறி பார்க்க முடிகிறதென்றால் அந்த ரைபிள் வேண்டாம்.