யாருடைய அரை மணி நேரம்?

பெண்களுக்கான உடற்பயிற்சிக் கட்டுரைகள் எந்த இதழில் வந்தாலும் ஒரே வாக்கியத்துக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன: எவ்வளவு வேலை இருந்தாலும் உங்களுக்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இணைப்பிதழின் அழகுக்குறிப்புப் பக்கத்திலும் இதுதான், மகளிர் தினத்துக்குக் கல்லூரிக்கு வரும் சிறப்பு விருந்தினரின் பேச்சிலும் இதுதான். எனக்கு இடறுவது இதன் வினைச்சொல். ஒதுக்குவதற்கு முதலில் அது நம் கையில் இருக்க வேண்டும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட இந்த வானம் பார்த்த பூமியில் பெண்கள் அன்றாடம் புழங்குவது 'ஒதுக்கு' அல்ல, 'ஒதுங்கு'. மாதவிலக்கு நாட்களில் ஒதுங்கி இருப்பார்கள். கழிப்பறை இல்லாத வீடுகளிலிருந்து விடியுமுன் கருவேலங்காட்டுக்குள் ஒதுங்கப் போவார்கள். எதிரே ஆண்கள் கூட்டமாக வந்தால் தெருவோரம் ஒதுங்குவார்கள். தன்வினை, பிறவினை நடத்தும்போது இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கட்டளையிடுவது தமிழில் பழைய வடிவம்தான். விடியலில் எழச் சொன்னது அவ்வையின் ஆத்திசூடி; உடலை வலுவாக்கச் சொன்னது பாரதியின் புதிய ஆத்திசூடி. பாரதியின் கட்டளைக்குப் பின்னால் அடிமைப்பட்ட ஒரு தேசம் இருந்தது. இன்றைய இதழ்கள் கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு அரசியலைக் கழற்றிவிட்டன. ஏவல் வினைக்கு எழுவாய் வெளிப்பட வேண்டியதில்லை, 'நீ' தொக்கி நிற்கும். இந்தக் கட்டுரைகளில் தொக்கி நிற்கும் அந்த 'நீ' யார் என்று பார்த்தால், இடுப்பில் பிள்ளையும் அடுப்பில் உலையும் இல்லாத ஒருவர்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை இக்கட்டுரைகளுக்கான மறுப்புரையாகவே நான் வாசிக்கிறேன். 2019இல் சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டுவேலை செய்த ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. அப்படிச் செய்தவர்கள் ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 81 சதவீதம். 2024இல் இதே கணக்கு பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88 என்று வந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்கு 10 நிமிடம் மிச்சம் என்று மகிழலாம்தான். அதே ஐந்து ஆண்டுகளில் ஆணும் தன் பங்கில் 9 நிமிடம் குறைத்துக்கொண்டான். இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்க வேண்டும். 'லான்செட் குளோபல் ஹெல்த்' 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022இல் இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினரும் ஆண்களில் 42 சதவீதத்தினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். இரண்டு எண்களும் ஒரே பெண்ணைப் பற்றியவை. ஓய்வும் இல்லை, இயக்கமும் போதவில்லை.

இங்கே உடனே ஒரு குரல் எழும்: 'பட்டிக்காட்டுப் பொம்பளைக்கு எதுக்குப் பயிற்சி? அவ செய்யிற வேலையே பயிற்சிதானே.' பாராட்டுப்போல் ஒலிக்கும் இந்தப் பேச்சு, இதழ்களின் அறிவுரையைவிட ஆபத்தானது என்பேன். 1953இல் ஜெர்ரி மோரிஸ் லண்டன் பேருந்துகளில் செய்த ஆய்வு புகழ்பெற்றது. உட்கார்ந்தே வண்டி ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் நாள் முழுக்க ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வேலையே பயிற்சி என்பவர்களுக்கு இது நல்ல சாட்சி. ஆனால் அருப்புக்கோட்டையில் தறிக்குத் தார் சுற்றும் பெண் நடத்துநர் அல்ல, ஓட்டுநர். காலையில் உட்கார்ந்தால் முதுகு மடங்கியே இருக்கும், கை மட்டும் ஓடும். மல்லிகை பறிக்கும் பெண் இருட்டோடு போய் அரும்பு விரியுமுன் பறித்து முடிக்க வேண்டும். குனிந்த இடுப்பு நிமிராது, விரல்தான் வேலை செய்யும். கரிமூட்டத்தில் நிற்பவர் புகையை மூச்சாக இழுக்கிறார். டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மனும் அவருடைய குழுவும் இதை முரண் என்றே பெயரிட்டு ஆராய்ந்தார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலியக்கம் இதயத்துக்குத் தரும் நன்மையைப் பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்பு தருவதில்லை, சில சமயம் தீங்கும் செய்கிறது. ஒரே நிலையில் நெடுநேரம், போதாத ஓய்வு, எப்போது நிறுத்தலாம் என்பதைத் தானே முடிவுசெய்ய முடியாமை ஆகியவற்றை அவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். கடைசிக் காரணத்தைப் பெண்ணியக் கோட்பாடு படிக்கும் மாணவியர் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

'நான் எதையும் தொடர்ந்து செய்யமாட்டேன் மேடம், ரெண்டு நாள் நடப்பேன், விட்டுருவேன்' என்று பெண்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். இருபது வருடமாக ஒரு நாளும் உலை வைக்கத் தவறாதவர்கள் இவர்கள். தண்ணீர் வரும் நேரம் தவறியதில்லை, பிள்ளையின் பள்ளி வேன் தவறியதில்லை. இவர்களுக்கா தொடர்ச்சி வராது? பிறருக்காகச் செய்யும்போது வாய்க்கும் தொடர்ச்சி தனக்கென்று வரும்போது அறுந்துவிடுகிறதென்றால், அறுக்கிற கத்தியை மனவுறுதிக்கு வெளியில்தான் தேட வேண்டும்.

வெளியில் தேடினால் முதலில் தெரு இருக்கிறது. 2023 நவம்பர் 4ஆம் தேதி தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால், கிராமத்துப் பெண்களில் பெரும்பாலோர் நடப்பதற்குப் பஸ் ஏற வேண்டும். உள்ளூரில் கண்மாய்க் கரை உண்டு, பள்ளி மைதானம் உண்டு, நாய்களும் உண்டு. அதைவிட, கேள்வி உண்டு: 'என்ன மதினி, காலங்காத்தால வெறுங்கைய வீசிட்டு எங்க கிளம்பிட்டீக?' கையில் குடமோ தூக்குவாளியோ இருந்தால் இந்தக் கேள்வி வராது. வேலைக்காக எட்டு மைல் நடந்தாலும் எவரும் கேட்பதில்லை. நடப்பதற்காகவே எட்டு வீடு தாண்டினால் விளக்கம் சொல்ல வேண்டும். அந்த விளக்கத்தைக் கடைசியில் தருவது நோய்தான். 'சுகர் இருக்கு, டாக்டர் நடக்கச் சொன்னாரு' என்றதும் வழி விடுகிறார்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது, எத்தனையோ பெண்களுக்கு அது உயிர்நாடி. ஆனால் நோய் வருமுன் நடக்க ஆசைப்படுவதற்குச் சீட்டு எழுதித் தர யாரும் இல்லை.

சினிமா தரும் சீட்டு வேறு வகை. 'இஞ்சி இடுப்பழகி'யில் (2015) நாயகியின் எடை கல்யாணச் சந்தையின் பிரச்சினை. 'இறுகப்பற்று'வில் (2023) பிள்ளை பெற்று உடல் பெருத்த மனைவியைக் கணவனுக்குப் பிடிக்காமல் போகிறது. இரண்டு படங்களுக்கும் பெண்ணின் மேல் பரிவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவள் உடலை அசைக்கும் கதையைத் திருமணத்திலிருந்துதான் அவற்றால் தொடங்க முடிகிறது.

திருச்சுழி என்றதும் எல்லோருக்கும் ரமணர் நினைவுக்கு வருவார். 1879இல் இங்கே பிறந்து, 1896இல் பதினாறு வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை போனவர். அவர் பலமுறை சுற்றிவந்த, பிறரையும் சுற்றச் சொன்ன மலையின் பாதை 14 கிலோமீட்டர். இன்றும் பௌர்ணமிதோறும் நம் ஊர்களிலிருந்து ஆண்கள் கிளம்பிப் போகிறார்கள். மகனோடு தங்க 1916இல் அழகம்மாள் போனார். அவர் போன பிறகுதான் அங்கே முறையாகச் சமையல் தொடங்கியதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். மகன் துறந்த அடுப்பு அம்மாவோடு மலையேறியது என்று இதை வாசிக்கலாம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பிற்காலத்தில் ஆசிரமச் சமையலறையில் விடியுமுன்னே உட்கார்ந்து காய் நறுக்கியவர் அதே ரமணர். மலை சுற்றப் போகும் நம் ஆண்கள் அவரை அந்தப் பாதிவரைதான் பின்பற்றுகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உடற்பயிற்சி வேண்டாம் என்பதல்ல என் வாதம். நாற்பதைத் தொட்ட பெண்ணின் முழங்காலும் எலும்பும் கோட்பாட்டுக்காகக் காத்திராது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான இயக்கம். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் அது நீக்கிவிட்டது. சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைக்கவில்லை என்பதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. ஐந்தும் ஏழுமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். ஊரில் விடாமல் நடக்கும் பெண்களை நான் கவனித்தவரை, அவர்கள் தனியாக நடப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நிற்பதால் கிளம்புகிறார்கள். பொங்கல் சாட்டினால் பத்து நாள் நின்றுபோகும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நின்றுபோகும். நின்றதற்காக யாரும் அழுவதில்லை, மறுபடி வாசலில் குரல் கேட்கும். இன்னொன்றும் உண்டு. அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது மாமியார் அல்லது மூத்த மகள். அதாவது, இன்னொரு பெண்ணின் அரை மணி நேரம்.

ஆகவே எனக்கு வாசிக்கக் கிடைக்காத ஒரு கட்டுரை இருக்கிறது. அதே இணைப்பிதழில், அதே ஏவல் வினையில், ஆண்களை முன்னிலைப்படுத்தி அது எழுதப்பட வேண்டும்: எவ்வளவு வேலை இருந்தாலும் தினமும் காலை ஆறிலிருந்து ஆறரை வரை ஒதுக்குங்கள். உலை வைப்பது எப்படி, பிள்ளைக்குச் சடை பின்னுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லலாம். கடுகு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.