பாசி மேயும் வாய்கள்

கொல்லிமலையில் ஐயாறு மெலிந்து ஓடும் கோடை நாட்களில், தண்ணீருக்குள் கிடக்கும் பாறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு சங்கதி பிடிபடும். உச்சி வெயில் நேராக இறங்கும் இடத்திலும் பாசி அடை அடையாகத் தொங்குவதில்லை. பழுப்பும் பச்சையும் கலந்த மெல்லிய பூச்சாகத்தான் படிந்திருக்கிறது. அந்தப் பூச்சின் மேலும் சின்னச் சின்னச் சுரண்டல் தடங்கள், ஒன்றின் ஓரம் இன்னொன்று ஏறியபடி. மீன் மேய்ந்த தடங்கள் அவை.

மேய்வது கர்ரா என்னும் கல்லொட்டி இனம். கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வேகமாக ஓடும் நீருக்கென்றே அமைந்த உடம்பு அதற்கு. வயிறு தட்டை. முன்துடுப்புகள் பக்கவாட்டில் விரிந்து பாறையோடு படியும். கீழுதட்டுக்குப் பின்னால் வட்டமான ஒரு சதைத்தட்டு. வெள்ளம் இழுக்கும்போது அதை அழுத்திப் பாறையைப் பற்றிக்கொள்ளும். தாடை விளிம்பு தடித்திருப்பதால் பாசியைச் சுரண்ட முடிகிறது. பாசியில் சத்து குறைவு, செரிக்க நேரமாகும். அதற்கேற்ப உடலின் நீளத்தைப் பலமடங்கு மிஞ்சும் குடல் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கிறது.

இந்த மலையில் மீனுக்குத் தனி மரியாதை உண்டு. அறப்பளீசுவரர் கோயிலின் தல வரலாற்றில், ஆற்றில் பிடித்து அறுத்துச் சமைக்கப் போன மீன் துண்டுகள் மீண்டும் பொருந்தி உயிர்பெற்றுத் தண்ணீருக்குத் திரும்பிவிடுகின்றன. அதனால் கோயிலை ஒட்டிய ஆற்றில் மீனைப் பிடிப்பதில்லை, உணவிட்டுக் கும்பிடுகிறார்கள். பக்தி காத்த இந்த மீன்கள் ஆற்றுக்கும் கைம்மாறு செய்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. மேயும் வாய் இருக்கும்வரைதான் பாறை மேல் பாசி இளசாகவும் மெலிதாகவும் இருக்கும்.

இதை அளந்து காட்டியவர் மேரி பவர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர். பனாமா நாட்டின் ரியோ ஃப்ரீஹோலஸ் என்ற ஓடையில் பாசி மேயும் கெளுத்தி வகை மீன்களை அவர் ஆராய்ந்து 1980-களில் எழுதினார். வெயில் படும் மடுவில் பாசி வேகமாக வளர்கிறது, நிழல் மடுவில் மெதுவாக வளர்கிறது. ஆனாலும் இரண்டிலும் படிந்திருக்கும் பாசியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வெயில் மடுவில் மீன்கள் அதிகம், நிழல் மடுவில் குறைவு. தீனி எங்கே எவ்வளவு விளைகிறதோ அதற்குத் தக்கபடி மீன்கள் பரவிக்கொள்கின்றன. கரையோரத்து ஆழமில்லாத நீரில் மட்டும் பாசி தடித்துக் கிடந்தது. கொக்குக்கும் மீன்கொத்திக்கும் பயந்து மீன்கள் அங்கே வருவதில்லை. வெளிச்சத்துக்கு எத்தனை வாய் என்ற கணக்கை ஓடை தானே போட்டுக்கொள்கிறது.

மீனோடு நீர்ச்செடிகளும் வளரும் செடித்தொட்டியை வீட்டில் வைத்திருப்பவரின் கலை முழுவதும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. தொட்டியில் மீன் அடுத்த மடுவுக்குப் போக முடியாது. எனவே வெளிச்சத்தை வாய்க்குத் தக்கபடி வைப்பது நம் பொறுப்பாகிறது. தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் விளக்கை எரியவிட்டு, பாசி மண்டிய பிறகு கடையில் ‘டேங்க் கிளீனர்’ கேட்பவர், மீனிடம் அது செய்ய முடியாத வேலையைக் கேட்கிறார். விளக்கை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் நிறுத்தி, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, செடி வேர்விடும்வரை பொறுத்துப் பிறகு மீனை விட்டால் மிச்ச வேலையை அது அழகாகச் செய்துவிடும்.

செடித்தொட்டி ரசனைக்கு வடிவம் கொடுத்தவர் ஜப்பானின் நீகாட்டாவில் 1954-இல் பிறந்த தகாஷி அமானோ. தொழில்முறை சைக்கிள் பந்தய வீரராக இருந்து, காடுகளைப் படம்பிடிக்கும் புகைப்படக் கலைஞராகி, 1982-இல் ‘அக்வா டிசைன் அமானோ’ நிறுவனத்தைத் தொடங்கினார். பாசிக்கு மருந்து ஊற்றும் வழக்கத்தை விட்டு, பாசி தின்னும் உயிர்களைத் தொட்டியின் அங்கமாகவே வைத்தார். ஜப்பானிய ஓடைகளில் வாழும் ஓர் இறாலை அவர்தான் தொட்டி உலகத்துக்குக் கொண்டுவந்தார். இன்று பல நாடுகளில் அது அமானோ இறால். அவர் காலமான 2015-இல்தான் லிஸ்பன் மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் கொள்ளளவும் கொண்ட அவரது ‘நீருக்கடிக் காடு’ என்ற தொட்டி திறக்கப்பட்டது.

அமானோவின் தொட்டிப் படங்களைப் பார்த்துச் செடிகளை வியப்பவர்கள் ஏராளம். அந்த இலைகள் பளிச்சென்று இருப்பதற்குக் காரணமான சின்ன வாய்களையும் கவனிக்கத் தொடங்கினால் ரசனை இன்னொரு படி ஏறும்.

ஓட்டோசின்க்ளஸை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து வரும் மீன்; நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். அகலமான ஒரு அனுபியாஸ் இலையில் காம்புப் பக்கம் ஒட்டிக்கொண்டு வாயை அசைக்கத் தொடங்குகிறது. உதட்டுக்குள் இருக்கும் நுண்ணிய பற்கள் இலையின் மேல்தோலைக் கீறாமல், படிந்த பழுப்புப் பாசியை மட்டும் வழித்தெடுக்கின்றன. சற்றே நகர்கிறது, மறுபடி வழிக்கிறது. அது போன பாதையில் இலையின் அசல் பச்சை ஒரு பட்டையாகத் தெரிகிறது. மெல்லிய தண்டுள்ள ரொட்டாலாவில் ஏறினாலும் தண்டு வளைவதில்லை. எடை தெரியாமல் வேலை செய்யும் இந்தப் பக்குவம் வேறெந்தப் பாசி மீனிடமும் நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் காட்டாற்றில் பிடித்து அனுப்பப்படுவதால் வழியிலேயே பட்டினியில் இளைத்துவிடும். வாங்கும்போது வயிறு உருண்டிருக்கிறதா என்று கீழிருந்து பார்க்க வேண்டும். பாசி பிடிக்காத புதுத் தொட்டியில் அதை விடுவது பட்டினி போடுவதற்குச் சமம்.

சயாமிய பாசித் தின்னியின் அழகு வேறு. இது நார்ப்பாசியைக் கவ்வி இழுக்கும். சிவப்புப் பாசிக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் கறுப்பாகத் தாடிபோல வளரும் பாசியை இலை ஓரத்திலிருந்து தின்னும் மீன்கள் மிகச் சில. அவற்றுள் முதலிடம் இதற்கு, அதிலும் இள வயதில். உண்மையான இனத்தை அறிய வாலைப் பார்க்க வேண்டும். மூக்கில் தொடங்கும் கறுப்புக் கோடு, ஓரம் சற்று ஏறி இறங்கி, வால் துடுப்பின் நுனிவரை ஓடும். துடுப்புகள் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். கோட்டுக்கு மேலே பொன்னிற வரி பளிச்சென்று தெரிந்து, துடுப்பில் நிறமும் இருந்தால் அது ஃப்ளையிங் ஃபாக்ஸ் என்ற வேறொரு மீன். பாசியில் அதற்கு அவ்வளவு நாட்டமில்லை.

கெண்டை இனத்துக்கு நெருங்கிய இன்னொரு மீன், சீனப் பாசித் தின்னி என்ற பெயரில் விற்பது. உடலமைப்பில் அது ஒரு விந்தை. வாயால் பாறையைப் பற்றியிருக்கும்போது வாய் வழியாக நீரை இழுத்து மூச்சுவிட முடியாதல்லவா? செவுளின் மேல்பக்கம் தனித் துளை ஒன்று நீரை உள்ளே இழுக்கிறது. இவ்வளவு நுட்பம் இருந்தும் செடித்தொட்டிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வளர்ந்த பின் பாசியை விட்டு, தட்டையான மீன்களின் விலாவில் ஒட்டி உடல்மேல் உள்ள வழுவழுப்பை உறிஞ்சத் தொடங்கிவிடும். சக்கர் மீன் இன்னும் பெரிய தொல்லை. விரல் நீளத்தில் வாங்குவது ஒன்றரை அடிவரை வளர்ந்து செடிகளை வேரோடு பிடுங்கும். இடம் போதவில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால் இன்று தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் அது பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களை நெருக்குகிறது. வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். ஆற்றிலும் ஏரியிலும் விடுவது பாவம்.

எந்த வாய்க்கு எந்தப் பாசி என்று தெரிந்தவரே தேர்ந்த வளர்ப்பாளர். பழுப்புப் பாசிக்கு ஓட்டோ. நார்ப்பாசிக்கு அமானோ இறால். கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளிக்கு நெரைட் நத்தை. வழவழவென்று போர்வையாகப் படர்ந்து நாறும் நீலப்பச்சைப் பாசியோ பாக்டீரியா வகை. அதை எந்த மீனும் நம்பும்படி தின்னாது. தண்ணீரே பச்சையாகிவிட்டால் மேய எதுவும் இல்லை. விளக்கையும் சத்தையும் குறைப்பதுதான் வழி.

ஒரு தொட்டியை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது பின்பக்கக் கண்ணாடியை. முன்கண்ணாடியைத் துடைத்து, பின்கண்ணாடியிலும் கல்லிலும் மெல்லிய பாசியை விட்டுவைத்தவர் மீனுக்கு மேய்ச்சல் நிலம் ஒதுக்கியிருக்கிறார். அந்தக் கல்லில் மேய்ந்த தடங்கள் தெரிந்தால், நேற்றைய தடத்தின் மேல் புதுப்பாசி துளிர்த்திருந்தால், வெளிச்சமும் வாயும் ஒத்துப்போய்விட்டன என்று பொருள். ஒரு துளி பாசிகூட இல்லாமல் பளபளக்கும் தொட்டியில் மீன் பொட்டலத் தீனியை நம்பி நிற்கிறது. அது எனக்கு இரண்டாம் தரம்தான்.

கொல்லிமலை ஓடையையே தொட்டியில் அமைக்கலாம். உருண்ட கற்கள், பெருகி ஓடும் நீர், நிறையக் காற்று, கல்லில் வேர்பிடிக்கும் ஜாவா ஃபெர்ன், கீழே கர்ராக் கூட்டம். சென்னையின் மே மாத வெப்பத்தில் மலை மீனுக்கு மூச்சு முட்டும் என்பதால் விசிறி வைத்தாவது தண்ணீரைக் குளிர்விக்க வேண்டும். மீனை மட்டும் மலையிலிருந்து எடுக்கக் கூடாது. காட்டோடை மீனைப் பிடிப்பவர் அந்தப் பாறையின் மேய்ச்சலையும் சேர்த்தே பறிக்கிறார். வண்ண மீன் வளர்ப்புக்குப் பேர்போன கொளத்தூர்ப் பண்ணையாளர்கள் அயல்நாட்டு மீன்களைத் தலைமுறைகளாகக் குஞ்சு பொரிக்க வைத்தவர்கள். அந்தக் கைத்திறன் நம் கல்லொட்டிகளின் பக்கமும் திரும்ப வேண்டும். பண்ணையில் பிறந்த கர்ரா கடைக்கு வருமானால், ஆற்றைத் தொடாமலே நம் மலை ஓடையை வீட்டில் வளர்க்கலாம்.