பல்லில் ஒட்டும் பிலடெல்ஃபியா

சாக்லேட் என்று நினைத்து வாயில் போட்டால் முதல் கடியிலேயே புத்தி சொல்லிவிடும் இந்த மிட்டாய். பெயர் கோல்டன்பெர்க்ஸ் பீனட் சூஸ். ஊர் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா. விரல்கணு அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டிகள். மேல்பூச்சு கறுப்பாக, மெல்லிசாக இருக்கும். பல் பட்டதுமே உடைந்து வழிவிடும். உள்ளே இருக்கும் பாகு அப்படியல்ல. இழுத்தால் வரும், ஆனால் விடாது. அதை மென்று வசத்துக்குக் கொண்டுவருவதற்குள் வறுத்த வேர்க்கடலை ஒவ்வொன்றாக நொறுங்கி வாய் முழுக்க மணக்கும். இனிப்பெல்லாம் தீர்ந்த பிறகு அடிநாக்கில் ஒரு மெல்லிய கசப்பு வந்து உட்காரும், கூடவே துளி உப்பு. அந்தக் கசப்புக்காகத்தான் இதை மெச்சுகிறேன். பெரிய கம்பெனிகளின் கடலை சாக்லேட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தித்திக்க மட்டும்தான் தெரியும்.

டேவிட் கோல்டன்பெர்க் ருமேனியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1890-இல் பிலடெல்ஃபியாவில் மிட்டாய்த் தொழில் தொடங்கினார். அப்படிப்பட்ட சின்ன மிட்டாய்க்காரர்கள் அன்றைக்கு அங்கே ஊருக்கு ஊர் இருந்தார்கள். பலருடைய பெயர் அவர்களோடு போய்விட்டது. இவருடைய பெயர் தங்கியதற்குப் போர் காரணம். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, சிப்பாய்களின் ரேஷனுக்காக உருவானதுதான் பீனட் சூஸ்.

ரேஷனுக்குப் போகும் பண்டத்துக்கு அழகு வேண்டாம். மூட்டையில் கிடந்து கெடக்கூடாது, ஒரு துண்டு தின்றால் கொஞ்ச நேரம் பசி தாங்க வேண்டும், விலையும் கட்டுபடியாக வேண்டும். கடலை இந்த மூன்றுக்கும் பொருந்தும். நூறு கிராம் கடலையில் புரதம் மட்டுமே 25 கிராம் வரும்; கொழுப்பு அதைப்போல இரு மடங்கு. தெற்கு மாநிலங்களில் விளைச்சலும் அப்போது பெருகிக்கொண்டிருந்தது. கூன்வண்டு பருத்திக் காய்களைத் துளைத்து நாசம் செய்ய, அலபாமா விவசாயிகள் பலர் கடலைக்கு மாறியிருந்தார்கள். அங்கே என்டர்பிரைஸ் என்ற ஊரில் அந்த வண்டின் பெயரால் 1919-இல் நினைவுச்சின்னமே வைத்தார்கள். பயிரை அழித்த பூச்சிக்கு மரியாதை செய்யவும் ஒரு மனசு வேண்டும்.

கடலையை வைத்து யாரும் மிட்டாய் செய்துவிடலாம். கோல்டன்பெர்க்கின் கைமணம் மொலாசஸில் இருக்கிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கரிய பாகு அது. நம் ஊர் ஆலைகளிலிருந்து சாராய வடிப்புக்குப் போகும் சரக்கு. வெள்ளைச் சர்க்கரைக்காக ஒதுக்கித் தள்ளிய மணமும் கசப்பும் அதில்தான் தங்கியிருக்கின்றன. வெல்லத்தில் இதைப் பிரிப்பதே இல்லை. அதனால்தான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தின்று வளர்ந்த நாக்குக்குப் பீனட் சூஸ் சட்டென்று பிடிபட்டுவிடும்.

வித்தியாசம் பதத்தில். கடலைமிட்டாய்க்குப் பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் கெட்டிப்பட்டு ஒடிய வேண்டும். ஈரம் அநேகமாக வற்றிப்போன, 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய பதம் அது. மெல்லும் மிட்டாய்க்கு அதற்கு வெகு முன்பே, 120 டிகிரி வாக்கில், உருட்டுப் பதத்திலேயே இறக்கிவிட வேண்டும். நின்றுபோன அந்தக் கொஞ்சம் ஈரம்தான் இழுவை. கூடச் சேரும் சோளச் சிரப், சர்க்கரை பூத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. சூடு சற்று ஏறினால் கல். சற்று இறங்கினால் தாளை விட்டு வராது. இந்த இடைவெளிக்குள் நிற்கத் தெரிந்தவனைத்தான் மிட்டாய்க்காரன் என்பேன்.

1917-இல் இதே பென்சில்வேனியா மாநிலத்தின் மறு கோடியில், பிட்ஸ்பர்கில், இன்னொரு டேவிடும் சிப்பாய்களுக்குக் கடலைப் பார் போட்டுக்கொண்டிருந்தார். அயர்லாந்தில் பிறந்த டேவிட் கிளார்க். அவருடைய கிளார்க் பார், மொறுமொறுப்பான கடலைவெண்ணெய்க் கட்டிமேல் பால் சாக்லேட் பூசியது. பிளான்டர்ஸ் கடலைக் கம்பெனியை 1906-இல் அதே மாநிலத்து வில்க்ஸ்-பாரி நகரில் தொடங்கிய அமெடியோ ஒபிசி இத்தாலியிலிருந்து வந்தவர். ருமேனியா, அயர்லாந்து, இத்தாலி: மூவருடைய சொந்த நாட்டிலும் கடலை பெரிய பயிரல்ல. வந்த இடத்தில் மலிவாகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள்.

போர் முடிந்ததும் கோல்டன்பெர்க் குடும்பம் பீனட் சூஸைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. முதலில் பாராக இருந்ததைப் பின்னாளில் துண்டுகளாக்கினார்கள். இதன் சரித்திரத்திலேயே புத்திசாலித்தனமான மாற்றம் அதுதான். இவ்வளவு இழுவையுள்ள பாகைப் பெரிய கட்டியாகப் பிய்த்துத் தின்பது தாடைக்குத் தண்டனை. துண்டானால் முழுசாக வாயில் போடலாம். ஆறு பக்கமும் பூச்சு இருப்பதால் ஒவ்வொரு கடியிலும் கோகோவின் கசப்பு மொலாசஸின் கசப்போடு சரியாகச் சேரும்.

2003-இல் குடும்பம் இதை ஜஸ்ட் பார்ன் கம்பெனிக்கு விற்றது. அதே பென்சில்வேனியாவின் பெத்லஹேம் நகரத்துக் கம்பெனி. பீப்ஸ் என்ற கோழிக்குஞ்சு வடிவ மார்ஷ்மெல்லோவால் பெயர் பெற்றது. அதை நிறுவிய சாம் பார்னும் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து குடியேறியவர்தான். புது முதலாளி உறையை நவீனமாக்குகிறேன் என்று கோல்டன்பெர்க் பெயரைப் பின்னுக்குத் தள்ள, ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை; பழைய பெயர் பிறகு உறைக்குத் திரும்பி வந்தது. ருசியில் கை வைக்காத வரைக்கும் உறை எப்படி இருந்தால் என்ன என்று வெளியூர்க்காரன் கேட்கலாம். கேட்பவன் சிறு வயதில் அதைப் பிரித்துத் தின்றவனாக இருக்க மாட்டான்.

பால் சாக்லேட் பூசிய வகை ஒன்றும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. பாலின் வழவழப்பு மொலாசஸின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பழைய டார்க் வகையை எடுங்கள். குளிர்காலமென்றால் பாகு கல்லாக இறுகியிருக்கும். கொஞ்ச நேரம் சட்டைப் பையில் வைத்திருந்துவிட்டுத் தின்னுங்கள், பல்லுக்கு நல்லது.