பன்னிரண்டு பென்சில் எதற்கு?

படம் வரையப் பழக வருகிறவர்களிடம் இப்போது முதலில் பேசப்படுவது கண்ணைப் பற்றியோ கையைப் பற்றியோ அல்ல, பெட்டியைப் பற்றி. 6எச் முதல் 8பி வரை அடுக்கிய தகரப்பெட்டி. நடிகர் முகங்களைப் புகைப்படம் போலவே வரையும் மோகம் பரவியபின் இதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்கள்: தோலின் வெளிச்சத்துக்கு 2எச், கன்ன நிழலுக்கு 2பி, தலைமுடிக்கு 8பி என்று ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு பென்சிலாம்.

கொஞ்சம் உண்மை இருக்கிறது. எச்.பி.யை எவ்வளவு அழுத்தினாலும் 6பியின் கருமை வராது, தாள்தான் பள்ளமாகும். 1795இல் பிரான்சில் கோன்டே, கிராஃபைட் தூளில் களிமண் கலந்து சுட்ட நாள்முதல் களிமண் கூடினால் கடினம் (எச்), குறைந்தால் கருமை (பி) என்பதே கணக்கு. ஆக இரண்டு மூன்று தரங்கள் தேவைதான்.

பன்னிரண்டு எதற்கு? 3பிக்கும் 4பிக்கும் உள்ள வித்தியாசத்தை விரல் சற்றே அழுந்தினால் தாண்டிவிடலாம். அந்தத் தர எண்களும் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானவை அல்ல. ஒருவரின் 2பி இன்னொருவரின் பி போல இருக்கும். 4எச், 6எச் எல்லாம் பொறியியல் வரைபடத்தின் ஊசிக்கோட்டுக்கு ஏற்றவை. ஸ்கெட்ச் புத்தகத்தில் அழுத்தினால் தாளைக் கீறும். பிறகு மேலே 8பி தேய்த்தாலும் அந்தக் கீறலுக்குள் கருமை இறங்காது, வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கும்.

இதெல்லாம் காசு நஷ்டம், போகட்டும். பெரிய நஷ்டம் கைக்குத்தான். மிருதங்கக்காரர் மெல்லோசைக்கு ஒன்று, வல்லோசைக்கு ஒன்று என்று வாத்தியத்தை மாற்றிக்கொண்டிருப்பதில்லை. கருமை வேண்டும்போதெல்லாம் பென்சிலை மாற்றுகிறவனுக்கு, ஒரே கோடு மெலிந்து தொடங்கி, திரும்பும் இடத்தில் கனத்து, மறுபடி மெலிவது கடைசிவரை பிடிபடாது. இந்த முகப்படங்களைப் பாருங்கள்: கட்டம் கட்டமாகச் சாயல் நிரப்பி, காகிதச் சுருளால் தேய்த்து மழுங்கடித்திருப்பார்கள். தேடினாலும் ஒரு கோடு கிடைக்காது. பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1819இல் பென்சிலால் வரைந்த வயலின் கலைஞர் பகனினியின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முகத்தில் மட்டும் மெல்லிய நிழல். உடை பெரும்பாலும் கோடுகளாலேயே நிற்கிறது. இவர்களோ சட்டைப் பொத்தானுக்கும் முகத்துக்குச் செய்த அத்தனை உபசாரமும் செய்கிறார்கள்.

சரி, எந்தக் கருமைக்காக இத்தனை பாடோ, அதுவாவது கிடைக்கிறதா? கிராஃபைட் அடர்ந்தால் பளபளக்கும். சுவரில் மாட்டி வெளிச்சம் பட்டதும் தலைமுடி ஈயம் பூசியதுபோல வெளுக்கும். அதைப் போக்க, பளபளக்காத பென்சில் என்று இன்னொரு பெட்டியும் விற்பனைக்கு வந்தாயிற்று. அடர்ந்த கருமைதான் நோக்கம் என்றால் கரித்துண்டு இருக்கிறது. அதற்கு விலையும் குறைவு.

பழகுகிறவருக்கு எச்.பி., 2பி, 6பி போதும். மூன்றையும் சில்லறையாக வாங்குங்கள். மிச்சக் காசுக்கு, கொஞ்சம் சொரசொரப்பான நல்ல தாள் வாங்குங்கள்.